நாயனமும் தவிலும்: காவிரிக்கரை மேளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக் கோயில் திருவிழாவுக்கு மேளம் பேசி முடிப்பது பல வருடமாக என் பொறுப்பு. நான் வாசிக்கிறவன் இல்லை, கேட்கிறவன். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், கல்யாணம் வைத்திருக்கும் நண்பர்கள், விழாக் கமிட்டிக்குப் புதிதாக வந்த பையன்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்பது திரும்பத் திரும்ப இதே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

நாதஸ்வரமா, நாகஸ்வரமா? எது சரி?

இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது, இரண்டையும் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். பழைய பெயர் நாகசுரம் என்பதுதான் ஆராய்ந்தவர்கள் பலரின் கருத்து. முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர்த் திருவிழாவைப் பாடிய ஸ்ரீராகக் கீர்த்தனையில் நாகஸ்வரம் என்ற சொல்தான் வருகிறது. 'நாதம்' சேர்ந்த பெயர் பின்னால் பரவியது.

எங்கள் பக்கத்தில் வீட்டில் பேசும்போது இரண்டையும் சொல்ல மாட்டோம். 'நாயனம்' என்போம். 'நாயனம் யாரு?' என்று கேட்டால் யார் வாசிக்கிறார் என்று அர்த்தம். இந்தப் பக்கத்தில் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெரிய மேளம்னு சொல்றாங்களே, அப்போ சின்ன மேளம்னு ஒண்ணு இருக்கா?

இருந்தது. கோயிலில் ஆடிய சதிராட்டக் குழுவைச் சின்ன மேளம் என்பார்கள். நாயனமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். இப்போது வெறுமனே 'மேளம்' என்றாலே இந்தக் குழுதான்.

வழக்கமான ஒரு செட்டில் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம் போட ஒருவர், சுருதிக்கு ஒருவர் இருப்பார்கள். சுருதிக்கு முன்பு 'ஒத்து' என்ற நீளக் குழல் இருந்தது. பார்க்க நாயனம் போலவே இருக்கும், ஆனால் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது.

வித்வான்கள் பேருக்கு முன்னால எல்லாம் ஊர்ப் பேரா இருக்கே, ஏன்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திருவீழிமிழலை சகோதரர்கள், திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை, குழிக்கரை பிச்சையப்பா, செம்பனார்கோயில் ராமசாமி பிள்ளை, வேதாரண்யம் வேதமூர்த்தி. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை, ஹரித்துவாரமங்கலம் பழனிவேல். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் டெல்டாவின் வரைபடமே கண்ணில் வரும்.

அந்தக் காலத்தில் ஒரு மேளக் குடும்பம் ஒரு கோயிலோடு சேர்ந்திருக்கும். அந்தக் கோயில் இருக்கும் ஊர்தான் அவர்களின் முகவரி. வெளியூரில் வாசிக்கப் போனால் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள், நாளடைவில் ஆளின் பெயரே உதிர்ந்து ஊர்ப் பெயர் நின்றுவிடும். 'நாளைக்கு நீடாமங்கலம் வருது' என்றால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் வருகிறது என்று சுற்று வட்டாரம் முழுக்கத் தெரியும்.

குழிக்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஊர்களில்கூட அந்தப் பெயரை மரியாதையோடு சொல்கிறவர்கள் இருந்தார்கள். நாலு தெருவும் ஒரு குளமும் உள்ள கிராமங்களின் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் இவர்கள். அந்த ஊர்களில் பலவற்றில் இன்று அவர்கள் பெயரில் ஒரு தெருப் பலகைகூட இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஆதங்கமும் ஒரு காரணம்.

ஏன் தஞ்சாவூர்ப் பக்கம் மட்டும் இவ்வளவு பேர்?

மற்ற இடங்களிலும் பெரிய வித்வான்கள் உண்டு. காருகுறிச்சி அருணாசலம் திருநெல்வேலிப் பக்கம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் ராசிபுரம் பக்கம். ஆனால் இத்தனை பேர் இத்தனை நெருக்கமாக இருந்தது காவிரிக்கரையில்தான்.

அதற்குக் காரணம் நெல். ஆற்றுப் பாசனம், அதனால் விளைச்சல், அதனால் கோயில்களுக்கு நிலம். மேளம் வாசிக்கிறவருக்குக் கோயில் மானியமாக நிலம் விட்டிருப்பார்கள், அதனால் அவரால் காலையிலிருந்து சாதகம் (பயிற்சி) செய்ய முடிந்தது. தஞ்சை மராட்டிய அரசர்களும் திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களும் இசைக்காரர்களை வைத்துப் பராமரித்தார்கள். சியாமா சாஸ்திரி (1762), தியாகராஜர் (1767), தீட்சிதர் (1775) மூன்று பேருமே திருவாரூரில் பிறந்தவர்கள். கீர்த்தனைகள் பிறந்த தெருவிலேயே அவற்றை வாசிக்கிறவர்களும் குடியிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் இருந்தார்கள். வயல்வேலை முடித்து வந்து, துண்டை விரித்துத் தெருவில் உட்கார்ந்து, விடிய விடியத் தோடியும் காம்போதியும் கேட்ட கூட்டம் அது. என் அப்பா விவசாயி, சுரம் எழுதத் தெரியாது. ஆனால் ராகம் தடம் மாறினால் தலை ஆட்டுவது நின்றுவிடும். அப்படிப்பட்ட ஆட்களுக்கு முன்னால் வாசித்துத்தான் இந்த வித்வான்கள் வளர்ந்தார்கள்.

நாயனத்தைப் பழைய வீட்டு மரத்துல செய்யறாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம். திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்று ஒரு ஊர். தலைமுறை தலைமுறையாக நாயனம் செய்யும் ஆச்சாரிக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உடல் பகுதியான உலவு ஆச்சா மரத்தில் செய்வது. புதிதாக வெட்டிய மரம் உதவாது, இழைத்துத் துளை போட்ட பிறகு வெடித்துவிடும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம், விட்டம் இவற்றைத் தேடி வாங்குவார்கள். பல பத்து வருடம் வீட்டைத் தாங்கிக் காய்ந்து இறுகிய மரம் அது.

கீழே விரிந்திருக்கும் பகுதி அணசு. மேலே உலோகக் கெண்டை, அதில் செருகுவது சீவாளி. சீவாளி நாணல் வகைத் தட்டையில் செய்வது. தட்டையை ஊறவைத்து, வேகவைத்து, காயவைத்து, சீவி, கட்டி எடுக்க ரொம்ப நாள் பிடிக்கும். வித்வான் கழுத்திலோ நாயனத்திலோ கொத்தாகத் தொங்குவது மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் தந்தக்குச்சி போன்ற ஊசியும். வாசிப்புக்கு நடுவே அவர் சீவாளியை மாற்றினால் பொறுமையாக இருங்கள், ஈரமும் காற்றும் மாறும்போது அது குணம் மாறும்.

துளை எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு இருக்கும். விரல் ஓடுவது ஏழில். மற்ற ஐந்தும் சுருதியைச் சரிசெய்ய, தேவைக்கு ஏற்ப மெழுகு வைத்து அடைப்பார்கள்.

தவில்காரர் விரல்ல வெள்ளையா மாட்டியிருக்காரே, கட்டா?

காயக் கட்டு என்று நினைத்து ஒரு அம்மா மருந்து எடுத்துக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதன் பெயர் கூடு. துணியையும் பசையையும் விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருக்கும். வலந்தலையை ஒரு கை விரல்களால் வாசிப்பார்கள், அந்த விரல்களுக்குத்தான் கூடு. இன்னொரு பக்கமான தொப்பியைக் கழியால் அடிப்பார்கள்.

தவிலின் உடல் பலா மரம். முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள், இப்போது பெரும்பாலும் இரும்புக் கம்பியும் திருகும். கட்டுவது சுலபமாகிவிட்டது. ஆனால் தூக்கி மாட்டிக்கொண்டு நாலு வீதி நடக்கிறவரின் தோளைக் கேட்டால்தான் எடை தெரியும்.

மல்லாரின்னா என்ன? அதுக்குப் பாட்டு கிடையாதா?

சுவாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில் வரும். சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், இல்லை; தாளக் கணக்கில் கட்டிய உருப்படி. இது நாயனத்துக்கென்றே பிறந்தது. தேருக்குத் தேர் மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி என்று தனித்தனியாக உண்டு. முதலில் தவிலில் தொடக்க வாசிப்பான அலாரிப்பு, அப்புறம் மல்லாரி, அதற்குப் பிறகுதான் ராகம் விரிய ஆரம்பிக்கும்.

பெரிய கோயில்களில் எந்த நேரத்தில், எந்த வீதியில் என்ன வாசிக்க வேண்டும் என்று முறை இருக்கிறது. விடியலில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே சுவாமி எங்கே வருகிறார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். செம்பனார்கோயில் வழியில் 'ரக்தி' என்று இன்னொரு உருப்படி உண்டு. அதுவும் சொல் இல்லாமல் லயத்தைச் சுற்றி வளர்வது. இன்று அதை முழுதாக வாசிக்கிறவர்கள் குறைவு. எங்காவது ரக்தி என்று கேள்விப்பட்டால் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

ராஜரத்தினம் பிள்ளையை ஏன் எல்லாரும் இவ்வளவு பெருசா சொல்றாங்க?

டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ராகம் வாசித்த விதம் முதல் காரணம். ஒரு தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார், சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டார். அவர் பிருகாக்களின் (வேகமான சுரக் கோவைகளின்) சாயலைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் கேட்கலாம். குழல் ஊதியவர் பாடுகிறவர்களுக்கு வழி காட்டினார்.

இரண்டாவது, வாத்தியம். அதற்கு முன் இருந்தது திமிரி நாயனம்: குட்டை, சுருதி உச்சம். அவர் நீளமான பாரி நாயனத்துக்கு மாறி, சுருதியை இரண்டு கட்டை என்ற தாழ்ந்த அளவுக்கு இறக்கினார். சுத்த மத்தியமம் என்ற சுரம் சரியாகப் பேசும்படி அதைச் செய்து கொடுத்தவர் மேலே சொன்ன நரசிங்கம்பேட்டையின் ரங்கநாத ஆச்சாரி. வித்வானைப் பற்றிப் பேசும் மேடைகளில் ஆச்சாரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேளக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. அவர் மற்ற வித்வான்களுக்குச் சமமாக மேடை போட்டு உட்கார்ந்து வாசித்தார், விருப்பப்படி உடுத்தினார், முடி வெட்டிக்கொண்டார். திமிர் என்று பேசினார்கள். அவர் வாசிப்புக்கு முன்னால் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

இது ஒரு சாதியோட தொழில்தானே? வெளியாளுங்க கத்துக்க முடியுமா?

காவிரிக்கரையில் இந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் பெரும்பாலும் இசை வேளாளர்கள். அதை மறைக்கத் தேவையில்லை, அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வாசல் மூடியிருக்கவில்லை. ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த முஸ்லிம். தஞ்சாவூர் பாணி மேல் ஆசை வைத்து நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 1998-ல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. அதற்கு முன் நாயனத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 1956-ல், திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு. நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள்.

பெண்களும் வாசிக்கிறார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் தனிப் பெண்ணாக நின்று பேர் வாங்கினார். சின்ன மௌலானாவின் சீடர்களான ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் தம்பதிக்கு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது.

கற்க வேண்டுமானால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாயனமும் தவிலும் இருக்கின்றன, திருவையாற்றில் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. ஆனால் பள்ளிப் படிப்போடு ஒரு வித்வான் பின்னால் ஊர் ஊராகப் போய் வாசிக்கவும் வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். வீதியில் நடந்துகொண்டே மூச்சைப் பிடிப்பது வகுப்பறையில் வராது.

யாழ்ப்பாணத்து மேளமும் நம்ம மேளமும் ஒண்ணுதானா?

ஒரே வேர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குத் தஞ்சாவூர் வித்வான்கள் கப்பலேறிப் போய் மாதக்கணக்கில் தங்கி வாசித்தார்கள். அங்கேயிருந்து பிள்ளைகள் இங்கே வந்து கற்றார்கள். தவிலில் அங்கே ஒரு தனி வேகமும் கணக்கும் உருவானது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) இங்கே வந்து வாசித்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களில் இந்த ஊர்த் தவில் வித்வான்களும் உண்டு. பழைய ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

கோயில்ல மிஷின் மேளம் இருக்கே, ஆள் எதுக்கு?

சுவிட்ச் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும் அந்தப் பெட்டியைச் சொல்கிறீர்கள். வேறு யாரும் கிடைக்காத சின்னக் கோயிலில் தீபாராதனை நேரத்துக்கு அது உதவுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பூபாளமும் தெரியாது, நீலாம்பரியும் தெரியாது. ஒரு கோயிலில் பெட்டி வந்ததும் அங்கே காலையும் மாலையும் வாசித்துவந்தவரின் மாதச் சம்பளம் நின்றுபோகிறது. அவர் மகன் வேறு வேலைக்குப் போகிறான். பத்து வருடம் கழித்துத் திருவிழாவுக்கு நல்ல மேளம் கிடைக்கவில்லை என்று நாமே அலைகிறோம். தினமும் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் மட்டுமாவது ஆளை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் மறுபடி தொடங்கினோம்.

கல்யாணத்துக்குச் செண்டை மேளம் வைக்கலாம்னு பசங்க சொல்றாங்க. தப்பா?

தப்பில்லை. செண்டை கேரளத்தின் அருமையான கலை. நான் கேட்பது ஒன்றுதான்: அதற்குக் கொடுக்கும் தொகையையும் நாயனத்துக்குக் கொடுக்கும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் நாயனத்துக்குப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு மற்றதற்குக் கேட்டதைக் கொடுக்கிறார்கள். அது சரியில்லை. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குச் செண்டையும் முகூர்த்தத்துக்கு நாயனமும் வைத்தால், ஒரே நேரத்தில் இரண்டும் வாசிக்காதபடி நேரத்தைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது என்னென்ன கேட்கணும்?

செட்டில் எத்தனை பேர், யார் யார் வருகிறார்கள், முதல் நாள் மாலையும் உண்டா, போக்குவரத்துச் செலவு தொகைக்குள்ளா வெளியிலா. இவ்வளவையும் தாம்பூலம் வைத்து அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிட்டால் பின்னால் சங்கடம் வராது. தங்க அறை, நேரத்துக்குச் சாப்பாடு, உட்கார மேடை இவை உங்கள் பொறுப்பு. ஒரு கல்யாணத்தில் பெரிய வித்வான் ஒருவரைக் கடைசிப் பந்தி வரை காக்க வைத்ததைப் பார்த்து நான் எழுந்து போய்ச் சண்டை போட்டேன். காலையில் நாலரை மணியிலிருந்து ஊதிய வயிறு அது. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அப்புறம், ஒரு அரைமணி நேரம் அவருக்கென்று ஒதுக்குங்கள். விரும்பும் ராகத்தை அவர் விரிவாக வாசிக்கட்டும். 'கெட்டிமேளம்! கெட்டிமேளம்!' என்று கத்தும்போது மட்டும் நினைவுக்கு வருகிறவராக அவரை ஆக்க வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் தும்மல், அழுகை போன்ற சத்தம் காதில் விழக் கூடாது என்பதற்காகக் கெட்டிமேளம் கொட்டுவதாகச் சொல்வார்கள். அது ஒரு நிமிடம். மற்ற நேரமெல்லாம் சங்கீதம்.

மண்டபத்துல சத்தம் காதைப் பிளக்குதே, என்ன செய்யறது?

திறந்த வீதியில் அரை மைலுக்குக் கேட்கும்படி உருவான வாத்தியத்தின் வாயில் மைக்கை வைத்து, மூடிய ஏசி மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரில் விட்டால் அப்படித்தான் இருக்கும். சின்ன மண்டபத்தில் மைக் வேண்டவே வேண்டாம். பெரிய மண்டபமென்றால் தள்ளி ஒரே ஒரு மைக், சத்தம் குறைவாக. தவிலுக்கு மைக் வைக்காதீர்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் முதல் நாளே சொன்னால் கேட்டுக்கொள்வார். வித்வான்களிடமே கேட்டால் இன்னும் நல்லது, எந்த மூலையில் உட்கார்ந்தால் எப்படிக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்க ஊர்ல வயசான வித்வான் ஒருத்தர் இருக்கார். அவருக்கு ஏதாவது செய்யணும், எப்படி ஆரம்பிக்கிறது?

முதலில் சால்வையை ஒதுக்கி வையுங்கள். அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். ஒரு நாள் போதாது, நாலைந்து முறை போங்கள். அவர் சம்மதித்தால் பேச்சைப் பதிவு செய்யுங்கள்: யாரிடம் கற்றார், நம் கோயிலில் எந்த வீதியில் என்ன வாசித்தார்கள், எந்த மல்லாரி இப்போது வழக்கத்தில் இல்லை. மல்லாரி பற்றி மேலே சொன்ன முறைகள் பல கோயில்களில் எழுத்தில் இல்லை, இந்தப் பெரியவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. மூச்சு பிடிக்க முடியாதவர்கூட வாயால் பாடிக் காட்டுவார். பழைய போட்டோ இருந்தால் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் விழா. பேச்சாளர் பட்டியலை இரண்டு பேரோடு நிறுத்துங்கள். நாங்கள் முதல் முறை எடுத்தபோது பேச்சு இரண்டரை மணி நேரம் ஓடியது, வாசிப்புக்கு நாற்பது நிமிடம்தான் கிடைத்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வருடம் அவருடைய சீடர்களை மூன்று மணி நேரம் வாசிக்க வைத்தோம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். பணமுடிப்பைக் கூட்டத்துக்கு முன்னால் அறிவிக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது பிடிக்காது. கலைஞர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க உடன் ஒரு ஆள் போனால் அதுவும் பெரிய உதவி.

நேர்ல கேட்கணும்னா எங்க வரணும்?

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம், தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு, தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூர், சித்திரையில் சப்தஸ்தானம் என்ற திருவையாற்று ஏழூர்த் திருவிழா, ஐப்பசியில் கடைமுழுக்கு என்ற மயிலாடுதுறைக் காவிரி நீராடல். திருவாரூருக்கு ஆழித்தேருக்குப் போனால் பஞ்சமுக வாத்தியத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், ஐந்து முகமுள்ள முழவு அது.

தேர் நாளில் கூட்டம் அதிகம், காது கொடுத்துக் கேட்க முடியாது. அதற்கு முன் வரும் இரவுப் புறப்பாடுகளுக்கு வாருங்கள். கோபுர வாசலில் நிற்க வேண்டாம், அங்கே வெடியும் தள்ளுமுள்ளும். சந்நிதித் தெரு தாண்டி வீதி திரும்பும் மூலையில் சுவாமியை இறக்கி வைப்பார்கள். மேளக்காரர்கள் அங்கே நின்றுதான் ராகத்தை எடுப்பார்கள். ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கேளுங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். பதினோரு மணிக்கு மேல்தான் வாசிப்பு சூடு பிடிக்கும், அதனால் கடைசி பஸ்ஸை நம்பி வராதீர்கள். விரிக்க ஒரு துண்டு கொண்டுவந்தால் போதும்.